வடிகட்டி, மறுசுழற்சி மெஷின் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: சென்னைச் சிறு ஆலைக்காரர்களுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தேன். அப்புறம் சில வருடம் மெஷின் விற்கிற பக்கமும் உட்கார்ந்தேன். அதனால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ், தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ., தூசி பிடிக்கும் டஸ்ட் கலெக்டர், பிளாஸ்டிக் கிரைண்டர் என்று மெஷின்தான் மாறும், சந்தேகம் மாறாது. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"சார், இந்த மெஷினெல்லாம் சென்னையில எங்க கிடைக்கும்?"

உதிரியா, முழு மெஷினா என்பதைப் பொறுத்தது. வால்வு, பைப், கேஜ், சின்ன பம்ப் போன்றவை பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம் அரை நாள் சுற்றினால் கிடைத்துவிடும். முழு மெஷின் அப்படி இல்லை, ஆர்டர் கொடுத்த பிறகுதான் செய்வார்கள். செய்கிறவர்கள் அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், திருமழிசை எஸ்டேட்டுகளில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் மெஷின்கள் அகமதாபாத், ராஜ்கோட்டிலிருந்து நிறைய வருகின்றன. பம்ப் என்றால் கோயம்புத்தூர்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போங்கள், பத்து முகவரி கிடைக்கும். ஆனால் அங்கே பார்ப்பது பெயின்ட் அடித்துத் துடைத்துவைத்த மெஷின். ஆர்டர் கொடுப்பதற்கு முன், இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினை வேறொருவர் ஆலையில் பாருங்கள். முதலாளியிடம் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள், ஆபரேட்டரிடம் பேசுங்கள்.

"தயாரிப்பாளர், டீலர், பிராஜெக்ட் கம்பெனி எல்லாம் ஒண்ணுதானே? யார்கிட்ட வாங்கினா என்ன?"

மெஷின் ஓடும்வரை ஒன்றுதான், நின்றால்தான் வித்தியாசம் தெரியும். ஃபேப்ரிகேட்டர் இரும்பை வெட்டி வெல்டு செய்து டாங்கும் பிரஸ்ஸும் செய்பவர். நீங்கள் கொடுத்த அளவுக்குச் செய்தாரா என்பதோடு அவர் பொறுப்பு முடிந்தது. டீலர் ஒரு பிராண்டை வாங்கி விற்பவர், அவரிடம் ஸ்பேர் இருப்பு எவ்வளவு என்பதுதான் முக்கியம். பிராஜெக்ட் கம்பெனி பல பேரிடம் வாங்கிச் சேர்த்து, "இப்படிப்பட்ட தண்ணீர் உள்ளே போனால் இப்படிப்பட்ட தண்ணீர் வெளியே வரும்" என்று கையெழுத்துப் போட வேண்டியவர்.

நான் பார்த்த தகராறுகளில் நிறைய இதில்தான் ஆரம்பித்தன. ஃபேப்ரிகேட்டரிடம் மலிவாக பிளான்ட் வாங்கிவிட்டு, பிராஜெக்ட் கம்பெனி தர வேண்டிய உத்தரவாதத்தை அவரிடம் எதிர்பார்ப்பார்கள். முதல் சந்திப்பிலேயே "டிசைன் யாருடையது?" என்று கேளுங்கள். பதில் இழுத்தடித்தால் புரிந்துகொள்ளுங்கள். விசிட்டிங் கார்டில் 'மேனுஃபேக்சரர்ஸ்' என்று அச்சடிக்கத் தனியாகக் காசு ஒன்றும் ஆவதில்லை, அதனால் ஒர்க்‌ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள்.

"விலை கேட்டா முதல்ல தண்ணி ரிப்போர்ட் கொண்டு வாங்கறாங்க. எதுக்கு இந்தச் சுத்தல்?"

அது சுத்தல் இல்லை. ரிப்போர்ட் கேட்காமல் விலை சொல்கிறவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அளவு எடுக்காமல் சட்டை தைக்கிற டெய்லர் அவர்.

தப்பு பெரும்பாலும் நம் பக்கம் நடப்பது சாம்பிள் எடுப்பதில். காலை பத்து மணிக்கு, எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, தெளிவான தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்புகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் கெமிக்கல் தொட்டியைக் காலி செய்து டாங்க் கழுவும்போது போகிற தண்ணீர்தான் உண்மையில் பிளான்டைக் கொல்லப் போகிறது. ஷிஃப்ட் முழுக்க மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்தது ஒன்று, டாங்க் கழுவும் நாளில் எடுத்தது தனியாக ஒன்று, இரண்டையும் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுங்கள். பி.எச்., கரையாமல் மிதக்கும் திடப்பொருள், டி.டி.எஸ். (கரைந்த உப்புகள்), சி.ஓ.டி., பி.ஓ.டி. (இரண்டும் கழிவு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டும் அளவுகள்), எண்ணெய் எல்லாம் வேண்டும். ஆர்.ஓ. யோசனை இருந்தால் கடினத்தன்மையும் சிலிக்காவும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.ஓ.டி. சோதனை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. அடுத்த நாளே ரிசல்ட் தருகிற லேபை மரியாதையாக வணங்கிவிட்டு வந்துவிடுங்கள்.

"மூணு கொட்டேஷன் வாங்கினேன். ஒண்ணுக்கு ஒண்ணு டபுள் விலை. யார் ஏமாத்துறாங்க?"

ஒருவரும் ஏமாற்றாமலே இப்படி வரலாம். மூன்று பேரும் மூன்று வேறு மெஷினுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஃபில்டர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் சேறு வருகிறது, அதில் 2 சதவீதம் திடப்பொருள் என்றால் காய்ந்த எடை 200 கிலோ. பிரஸ்ஸிலிருந்து பிழிந்து விழும் கெட்டிச் சேற்றில், அதாவது கேக்கில், 30 சதவீதம் திடப்பொருள் என்று வைத்தால் கேக் மட்டும் ஏறக்குறைய 670 கிலோ. 800 மில்லிமீட்டர் பிளேட்டில் 32 மில்லிமீட்டர் கனத்துக்குக் கேக் பிடித்தால், இரண்டு பிளேட்டுக்கு நடுவே உள்ள ஒரு அறைக்குச் சுமார் 16 லிட்டர்தான் கொள்ளும். கேக் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கனக்கும், அப்படிக் கணக்குப் போட்டால் சுமார் 36 அறை தேவை, அல்லது 18 அறையை நாளைக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டும்.

இப்போது திடப்பொருள் 2 இல்லை, 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 18 அறையை நான்கு தடவை திறந்து மூட வேண்டும். இது கற்பனைக் கணக்கு இல்லை, நானே வாங்கிய பிரஸ். பர்ச்சேஸில் இருந்தபோது விலை குறைவு என்று கையெழுத்துப் போட்டேன். விற்றவர் பெயர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது, ஏனென்றால் பழைய ரிப்போர்ட்டைக் கொடுத்தது நான்தான். அப்புறம் ராத்திரி ஷிஃப்டுக்காரர்கள் கேக் முழுதாகப் பிடிப்பதற்குள் பிரஸ்ஸைத் திறந்து கூழாகக் கொட்டினார்கள். என் பெயரைச் சொல்லித் திட்டுவது கேன்டீன் வரை கேட்கும்.

ஆகவே விலையை ஒப்பிடும் முன் எத்தனை சதவீதம் திடப்பொருள் என்று எடுத்தார்கள், எத்தனை பேட்ச், ஃபீட் பம்ப் விலைக்குள் அடங்குமா, ஹைட்ராலிக் யூனிட் கையால் அடிப்பதா மோட்டாரா, பிளேட்டின்மேல் போடும் வடிகட்டித் துணி மாற்றுக்கு ஒரு செட் உண்டா என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். பாதி நேரம் விலை வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

"கரண்ட், கெமிக்கல் செலவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல மெஷின் விலையைக் குறைப்போம்னு பார்ட்னர் சொல்றார்..."

பார்ட்னரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சுமார் 15 கிலோவாட் இழுக்கிற ஒரு மோட்டார் நாளைக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 45,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 3,60,000 ரூபாய். இரண்டு மூன்று வருடத்தில் பல மெஷின்களின் விலையே இதில் போய்விடும். கொட்டேஷனில் 'இணைக்கப்பட்ட திறன்' என்று எல்லா மோட்டாருக்கும் சேர்த்து ஒரு கிலோவாட் எண் இருக்கும், அது போதாது. ஒரு கிலோ லிட்டர் தண்ணீருக்கு, அல்லது ஒரு டன் பிளாஸ்டிக்குக்கு எத்தனை யூனிட், எவ்வளவு கெமிக்கல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

"கிரைண்டர் மணிக்கு 500 கிலோ அரைக்கும்னு போட்டிருக்கு. எனக்கு 200 தாண்ட மாட்டேங்குது."

500 கிலோ பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. கெட்டியான, காய்ந்த, சுத்தமான கட்டிகளைப் பெரிய ஓட்டை சல்லடையில் அரைத்தால் வரும். நீங்கள் போடுவது காயலான் கடையிலிருந்து வந்த ஈரமான கவர். அது எடை இல்லாமல் இடத்தை அடைக்கும், பிளேடில் சுற்றும். 12 மில்லிமீட்டர் சல்லடையை 8-க்கு மாற்றினாலும் அளவு இறங்கும். மணல் ஒட்டிய சரக்கு என்றால் பிளேடு சீக்கிரம் மழுங்கி இன்னும் இறங்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஆர்டருக்கு முன் உங்கள் சரக்கையே நான்கு மூட்டை கட்டி சப்ளையர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், எடை போட்டு, கடிகாரம் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ரிப்போர்ட்டுக்குச் சொன்ன அதே நியாயம்தான், அங்கே பாட்டில், இங்கே மூட்டை.

"தண்ணித் தொட்டில போட்டா எல்லா பிளாஸ்டிக்கும் தானா பிரிஞ்சிடும்னு சப்ளையர் சொல்றார். நிஜமா?"

பாதி நிஜம். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட் பாட்டில் துண்டு மூழ்கும். பிரச்சினை என்னவென்றால் பி.வி.சி.யும் மூழ்கும். பெட்டையும் பி.வி.சி.யையும் வெறும் தண்ணீர் பிரிக்காது. பெட் உருகுகிற சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயு விடும். குருணை மஞ்சளாகும், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவும் பாரலும் அரிக்கும். பெட் வேலை என்றால் கையால் பொறுக்குகிற கன்வேயர், லேபிளை நீக்கும் மெஷின் இரண்டும் இல்லாத லைனுக்கு ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். கழுவுகிற லைன் என்றால் அழுக்குத் தண்ணீரும் உண்டு. மறுசுழற்சி மெஷின் வாங்குகிறவர் அதே நாளில் ஒரு வடிகட்டி பிளான்டும் வாங்குகிறார் என்றுதான் பட்ஜெட் போட வேண்டும்.

"சைனா மெஷின் பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?"

வாங்கலாம், நானே வாங்க வைத்திருக்கிறேன். ஆனால் ஆர்டரிலேயே சில விஷயங்களை எழுதிவிடுங்கள். அங்கே சாதாரணமாக 380 வோல்ட், இங்கே 415. மோட்டாரும் பேனலும் நம் வோல்டேஜுக்கு வர வேண்டும். திரையில் ஆங்கிலம் வேண்டும், இல்லாவிட்டால் அலாரம் அடித்தால் அது என்ன சொல்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. பேரிங், சீல், சென்சார் எல்லாம் இங்கே கிடைக்கிற அளவில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வருடத்துக்கான தேய்மானப் பொருட்களை மெஷினோடு அதே கன்டெய்னரில் வரவழையுங்கள். ஒரு சென்சாருக்காகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு ஆலை நின்றால் மிச்சம் பிடித்த பாதி விலை எங்கே போனது என்றே தெரியாது.

"செகண்ட் ஹேண்ட்?"

ஃபில்டர் பிரஸ் ஃபிரேம், டாங்க், பேலிங் பிரஸ் மாதிரி கெட்டியான இரும்புச் சாமான் என்றால் தைரியமாகப் பாருங்கள். பிளேட்டையும் துணியையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆர்.ஓ.வில் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேன், டஸ்ட் கலெக்டரின் ஃபில்டர் பை இரண்டையும் பழசாக இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

"ஆர்.ஓ. போட்டுட்டா தண்ணிப் பிரச்சினை முடிஞ்சுதுல்ல?"

ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. பத்தாயிரம் லிட்டர் உள்ளே போய் 75 சதவீதம் நல்ல தண்ணீராக வந்தால், மிச்சம் 2,500 லிட்டரில் கிட்டத்தட்ட மொத்த உப்பும் இருக்கும். 1,500 டி.டி.எஸ். உள்ளே போனால் ரிஜெக்ட், அதாவது அந்த மிச்சத் தண்ணீர், 6,000 பக்கம் வரும். அதை எங்கே விடுவீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. எவாப்பரேட்டர் என்றால் ஆவியாக்கும் செலவு ஆர்.ஓ. செலவைத் தூக்கிச் சாப்பிடும். அதனால்தான் ஆர்.ஓ. விலையை மட்டும் சொல்லிவிட்டு ரிஜெக்டைப் பற்றி வாய் திறக்காத கொட்டேஷன் பாதிக் கொட்டேஷன்.

சென்னையில் இன்னொரு வழியும் உண்டு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் குடிநீர் வாரியம் ஊர்க் கழிவுநீரையே ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கிறது, தலா 45 எம்.எல்.டி., அதாவது நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர். 2019-லிருந்து மணலி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குத்தான் அந்தத் தண்ணீர். மணலியில் பெரிய ஆலைகள் 1990-களிலேயே கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்து ஓட்டியவை. அந்தக் குழாய் உங்கள் எஸ்டேட் வரை வருகிறது என்றால், சொந்த ஆர்.ஓ.வின் அளவைத் தீர்மானிக்கும் முன் அந்த விலையை விசாரியுங்கள்.

மெம்பிரேன் விஷயத்தில் ஒன்று. இப்போது விற்கும் பாலிஅமைடு மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்ட லாரித் தண்ணீரை நேராக ஏற்றினால் மெம்பிரேன் நாசமாகும், வாரண்டியும் போகும். முன்னால் குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டரோ பைசல்ஃபைட் டோசிங்கோ இருக்கிறதா என்று படத்தில் விரல் வைத்துக் கேளுங்கள்.

"டஸ்ட் கலெக்டர் பை மூணு மாசத்துல போயிடுது. சப்ளையர் மட்டமான துணி போட்டுட்டாரா?"

இருக்கலாம். ஆனால் துணியைச் சந்தேகப்படும் முன் பைகளை எண்ணுங்கள். 150 மில்லிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு பைக்கு 1.4 சதுர மீட்டர் பரப்பு. மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று, துணியைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 1.5 மீட்டர் என்றால் 79 பை வேண்டும். உங்களிடம் 48 இருந்தால் காற்று நிமிடத்துக்கு இரண்டரை மீட்டரில் இடிக்கிறது. தூசி துணிக்குள்ளேயே புகுந்து உட்காரும். அதைத் தட்ட பல்ஸ் (அழுத்தக் காற்றடி) அதிகமாக அடிப்பீர்கள், துணி கிழியும். மேலே பிரஸ்ஸுக்குச் சொன்ன அதே கதை, சின்ன மெஷினைப் பெரிய வேலைக்கு விற்பது.

அடுத்தது சூடு. சாதாரண பாலியெஸ்டர் பை தொடர்ந்து 130 டிகிரி வரைதான் தாங்கும். உலைப் புகைக்கு வேறு துணி வேண்டும். மூன்றாவது நம் ஊர் ஈரம். கம்ப்ரஸர் லைனில் தண்ணீர் வடிக்காமல் விட்டால், ஐப்பசி கார்த்திகையில் பையில் தூசி களிமண்ணாகவே பூசிக்கொள்ளும். ஏர் டிரையர் கொட்டேஷனில் இல்லாமல் போவது ரொம்ப சகஜம்.

"போர்டு வேலையை சப்ளையரே பாத்துக்கறேன்னுட்டார். நாம கவலைப்பட வேணாம்தானே?"

மாசுக் கட்டுப்பாட்டு போர்டு தரும் இசைவாணை (அனுமதி உத்தரவு) உங்கள் பெயரில். மூடல் உத்தரவு வந்தாலும் உங்கள் பெயரில்தான் வரும். 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்படி, நிறுவுவதற்கு முன் ஓர் இசைவு, ஓட்டுவதற்கு முன் இன்னொன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதுகிற கொள்ளளவும் சப்ளையர் இறக்குகிற மெஷினின் கொள்ளளவும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். 'போர்டு அப்ரூவ்டு' என்று கழிவுநீர் பிளான்டை விற்கிறவரிடம் அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். போர்டில் பார்ப்பது வெளியேறும் தண்ணீரைத்தான். நீர்நிலையில் விடுவதற்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம். உங்கள் இசைவாணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் கணக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது கதவு சாத்தியது பட்டறைகளுக்கு, மெஷின் விற்றவர்களுக்கு இல்லை.

சேற்றையும் மறக்க வேண்டாம். கெமிக்கல் போட்டுப் பிரித்த சேறு அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பியதற்குக் காகிதம் வேண்டும். இங்கே பலரும் அனுப்புவது கும்மிடிப்பூண்டிக்கு. எடைக்குக் காசு என்பதால் பிரஸ்ஸில் கேக் எவ்வளவு காய்ந்து விழுகிறது என்பது உங்கள் பணம்.

"அட்வான்ஸ் 50 சதவீதம் கேக்கறாங்க. கொடுக்கலாமா? மிச்சத்தை எப்ப கொடுக்கணும்?"

சின்ன ஃபேப்ரிகேட்டருக்கு ஸ்டீல் வாங்கவே அந்தப் பணம் வேண்டும். அதைத் திட்டிப் பயனில்லை, பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் உங்கள் தண்ணீரிலோ சரக்கிலோ, எழுதிக் கொடுத்த அளவை ஒரு வாரம் தொடர்ந்து காட்டிய பிறகு கடைசி 10 சதவீதம் என்று ஆர்டரில் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. விற்பவர் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. மெஷின் சரியில்லை என்று தோன்றினால் வந்திறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாயால் சண்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஜி.எஸ்.டி.க்கு ஒரு வரி. மெஷினுக்கும் அதன் ஃபவுண்டேஷனுக்கும் உள்ளீட்டு வரி வரவு (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாம், ஷெட்டுக்கும் கட்டடத்துக்கும் எடுக்க முடியாது. சிவில் வேலை பில்லைத் தனியாகப் போடச் சொல்லிவிட்டு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

"ஒரு வருஷ வாரண்டின்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் ஸ்பேருக்கெல்லாம் காசு கேக்கறாங்க?"

அடியில் சின்ன எழுத்தைப் படியுங்கள். மெம்பிரேன், பை, துணி, பிளேடு, சீல் எல்லாம் 'தேய்மானப் பொருள்' என்று வெளியே நிற்கும். வாரண்டி எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்பதையும் பாருங்கள். மெஷின் லாரி ஏறிய நாள் என்றிருந்தால், கரண்ட் கனெக்‌ஷனுக்கு நீங்கள் காத்திருக்கும் நான்கு மாதமும் அதில் போய்விடும். ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து என்று மாற்றச் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

"எங்க சப்ளையர் கம்பெனியையே மூடிட்டுப் போயிட்டார். பிளான்ட் நிக்குது. இப்ப என்ன பண்றது?"

இரும்பு வேலைக்குக் கவலை இல்லை. அம்பத்தூரில் எந்த ஃபேப்ரிகேட்டரும் அளவெடுத்துச் செய்துவிடுவார். சிக்கல், மெஷினைத் தானாக ஓட்டும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யில். உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு பாஸ்வேர்டு போட்டு வைத்திருப்பார்கள். அதைத் திறக்க முடியாமல் புதிய புரோகிராம் எழுதவைத்த ஓர் ஆலையில் மூன்று வாரம் எல்லா வால்வையும் கையால் திருகிக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆட்டோவை விட்டு மேனுவலில் ஓட்டுங்கள். எந்த வால்வு எப்போது திறக்கிறது, எந்த மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பழைய ஆபரேட்டரை உட்காரவைத்து எழுதி வாங்குங்கள். புதிதாக எழுத வருகிற ஆளுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

அடுத்து வாங்கும் மெஷினுக்கு, கடைசி 10 சதவீதத்தைக் கொடுக்கும் அன்று பாஸ்வேர்டு, புரோகிராமின் நகல், எலக்ட்ரிகல் படம், பைப் படம், ஒவ்வொரு வாங்கிய பாகத்தின் பிராண்டும் மாடல் எண்ணும் உள்ள பட்டியல் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒன்று, அச்சில் ஒன்று என்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சடித்ததை பேனல் கதவுக்குள் வைக்காதீர்கள், அங்கே வைத்தால் ஆறு மாதத்தில் டீ கிளாஸுக்கு அடியில் இருக்கும்.